சவர்க்காரமும் ஆட்சியதிகாரமும்
கொர்பச்சேவ் காலச் சுரங்கத் தொழிலாளர் போராட்டங்கள் (1989 – 1991) பற்றிய ஒரு நோக்கு

தொழிலாளரின் பெயரால் ஆட்சி நடத்தும் ஓர் அரசுக்கு எதிராகத் தொழிலாளரே கிளர்ந்தெழுவராயின், அவ்வரசின் தலைவர் யாது செய்வார்? சோவியத் வரலாற்றில் இவ்வினா இருமுறை கூர்மையாக எழுந்தது. 1962 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இறைச்சி, வெண்ணெய் ஆகியவற்றின் விலையேற்றத்தை எதிர்த்து நொவொச்செர்காஸ்க் நகரின் புகையிரத எஞ்சின் தொழிற்சாலைத் தொழிலாளர் வீதியில் இறங்கினர். குருஷேவின் அரசு அவர்களுக்குத் துப்பாக்கியாற் பதிலளித்தது. 26 பேர் கொல்லப்பட்டனர். பின்னர் எழுவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. இறந்தோரின் உடல்கள் இரகசியமாகப் புதைக்கப்பட்டன. கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சோவியத் பத்திரிகைகள் எவையும் அந்நிகழ்ச்சி பற்றி ஒரு வரிதானும் எழுதவில்லை. அவ்வினா இரண்டாம் முறை எழுந்தது 1989 ஆம் ஆண்டு யூலை மாதத்திலாகும். அப்போது ஆட்சியிலிருந்தவர் மிக்கைல் கொர்பச்சேவ். அவர் சுரங்கத் தொழிலாளர்மீது துப்பாக்கியை ஏவவில்லை, பேச்சுவார்த்தை நடத்தினார், கோரிக்கைகளையும் ஏற்றார். எனினும் இரண்டாண்டுகளுள் அதே தொழிலாளர் அவரது பதவிவிலகலைக் கோரி மீண்டும் போராடினர். விட்டுக்கொடுத்த தலைவருக்கு எதிராக மக்களின் அழுத்தம் தணியாது வளர்ந்தமைக்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பின்னணி

1985 மார்ச்சில் கட்சியின் பொதுச் செயலாளராகப் பதவியேற்ற கொர்பச்சேவ், பெரஸ்த்ரொய்க்கா எனப்பட்ட மறுசீரமைப்பையும், கிளாஸ்நொஸ்ட் எனப்பட்ட வெளிப்படைமையையும் தம் ஆட்சியின் இரு தூண்களாக அமைத்தார். இவ்விரண்டும் ஒரே வேகத்தில் முன்னேறவில்லை என்பது மனங்கொளத்தக்கது. பொருளாதார மறுசீரமைப்பு தடுமாறிக்கொண்டிருந்தபோது, வெளிப்படைமை விரைந்து பரவியது. 1989 மார்ச் 26 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் மூலம் அமைந்த மக்கள் பிரதிநிதிகள் பேராயம் மே 25 ஆம் திகதி கூடியபோது, அதன் நடவடிக்கைகள் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயின. அமைச்சர்களும் கட்சித் தலைவர்களும் பகிரங்கமாகக் கண்டிக்கப்படுவதை நாடு முழுவதும் கண்டது. அதிகாரத்தை எதிர்த்துப் பேசுவது குற்றமன்று என்ற உணர்வு சாதாரண மக்களிடம் வேரூன்றிய அதே வேளையில், கடைகளின் தட்டுகள் வெறுமையாகிக் கொண்டிருந்தன. சீனி, சவர்க்காரம், இறைச்சி முதலியன பல நகரங்களிற் கூப்பனுக்கே கிடைத்தன. சில வேளைகளிற் கூப்பனுக்கும் கிடைக்கவில்லை. பேசும் உரிமை பெருகப் பெருக உண்ணும் பொருள் அருகிய இம்முரண்பாடே பின்வந்த நிகழ்ச்சிகளின் ஊற்றுக்கண் எனலாம்.

2. யூலை 1989: கோரிக்கைகளின் இயல்பு

மேற்குச் சைபீரியாவின் குஸ்பாஸ் நிலக்கரிப் பிரதேசத்திலுள்ள மெஷ்துரெச்சென்ஸ்க் நகரில், ஷெவியாக்கோவ் சுரங்கத் தொழிலாளர் யூலை 10 ஆம் திகதி வேலையை நிறுத்தினர். சில நாட்களுள் குஸ்பாஸ் முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது. தொடர்ந்து உக்ரேனின் டொன்பாஸ், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலுள்ள வொர்குட்டா, கசாக்ஸ்தானின் கரகண்டா ஆகிய பிரதேசங்களும் இணைந்தன. ஏறத்தாழ 4 இலட்சம் தொழிலாளர் இதிற் பங்குபற்றினர். 1920 களின் பின்னர் சோவியத் நாடு இத்தகையதொரு வேலைநிறுத்தத்தைக் கண்டதில்லை.

தொழிலாளர் கேட்டவை யாவை? உடலெங்கும் கரி படிந்து மேலே வருபவர் குளிப்பதற்குச் சவர்க்காரம், துடைப்பதற்குத் துவாய், குளிர்காலத்துக்கு மேலங்கி, நிலத்தடியில் உண்ண உணவு, இரவு வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு. சுரங்க வாயிலிலிருந்து கரி வெட்டும் இடத்தைச் சென்றடையும் நேரத்தையும் வேலைநேரமாகக் கணிக்கவேண்டும் என்பது மற்றொரு கோரிக்கை. உலகின் இரண்டாவது வல்லரசு, தன் உருக்காலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் எரிபொருள் தருபவனுக்கு ஒரு கட்டிச் சவர்க்காரம் வழங்க இயலாதிருந்தது. போராட்டத்தின் தார்மிக வலிமை இவ்வெளிய உண்மையிலேயே தங்கியிருந்தது.

எனினும் கோரிக்கைப் பட்டியலில் வேறொரு வகையும் இடம்பெற்றது. சுரங்கங்களுக்குப் பொருளாதாரச் சுயாதீனம் வேண்டும், திட்ட இலக்குக்கு மேலதிகமான கரியைத் தாமே விற்கும் உரிமை வேண்டும், கரியின் விலை உயர்த்தப்படல் வேண்டும் என்பன அவை. வயிற்றுப்பாட்டுக் கோரிக்கையிலிருந்து நிருவாக அமைப்புப் பற்றிய கோரிக்கைக்குத் தொழிலாளர் இவ்வாறு சில நாட்களுள் வந்து சேர்ந்தனர்.

அவர்தம் ஒழுங்கமைப்பும் குறிப்பிடத்தக்கது. நகரச் சதுக்கங்களில் இரவு பகலாக அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோரை வேலைநிறுத்தக் குழுக்கள் நெறிப்படுத்தின. மதுபான விற்பனையை அக்குழுக்களே தடுத்து நிறுத்தின. நகரின் அமைதியைப் பேணின. உத்தியோகபூர்வத் தொழிற்சங்கங்களோ நிருவாகத்தின் பக்கமே நின்றன. தொழிலாளரின் குறையை மேலே எடுத்துச்செல்ல வேண்டிய நிறுவனம் மேலிருந்து வரும் ஆணையைக் கீழே கொண்டுவரும் நிறுவனமாக மாறியிருந்தமையால், அழுத்தம் இடைத்தடை எதுவுமின்றி நேராக மொஸ்கோவை நோக்கிப் பாய்ந்தது.

3. தலைவரின் மறுமொழி

நிலக்கரி அமைச்சர் ஷ்சாதொவ் முதலில் மெஷ்துரெச்சென்ஸ்க் நகருக்கு விரைந்தார். அமைச்சரின் வாக்கைத் தொழிலாளர் போதுமானதாகக் கொள்ளவில்லை. அரசியற் குழு உறுப்பினர் ஸ்லியுன்கோவ் தலைமையில் உயர்மட்ட ஆணைக்குழு ஒன்று குஸ்பாஸ் சென்று உடன்படிக்கை செய்தது. ஓகஸ்ட் 3 ஆம் திகதி, பிரதமர் ரிஷ்கோவின் அரசு 608 ஆம் இலக்கத் தீர்மானத்தை வெளியிட்டு அவ்வாக்குறுதிகளுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது.

கொர்பச்சேவின் நிலைப்பாடு இருதலைப்பட்டதாயிருந்தது. வேலைநிறுத்தம் மறுசீரமைப்பைச் சீர்குலைக்கக்கூடிய சோதனை என அவர் எச்சரித்தார். அதே மூச்சில், தொழிலாளரின் கோரிக்கைகள் நியாயமானவை என்றும் ஒத்துக்கொண்டார். கீழிருந்து எழும் அழுத்தத்தைக் கட்சியின் பழைமைவாதிகளுக்கு எதிரான கருவியாக்கலாம் என்பது அவர் கணக்கு. மக்களின் அழுத்தத்தைத் தன் எதிரிமீது திருப்ப விழையும் தலைவர், அவ்வழுத்தம் தன்னை நோக்கித் திரும்பும் நாளுக்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். கொர்பச்சேவ் அவ்வாறு ஆயத்தமாயிருக்கவில்லை.

1989 ஒக்ரோபர் 9 ஆம் திகதி நிறைவேறிய சட்டம் இந்த இரட்டை நிலையைத் தெளிவாகக் காட்டியது. அது வேலைநிறுத்த உரிமையை அங்கீகரித்தது. ஆயினும் போக்குவரத்து, தொடர்பு, மின்சக்தி முதலிய முக்கிய துறைகளில் அதனைத் தடைசெய்தது. அதே மாத இறுதியில் வொர்குட்டாத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று, கட்சியின் தலைமைப் பாத்திரத்தை உறுதிசெய்த அரசியல் யாப்பின் 6 ஆவது பிரிவை நீக்கல் வேண்டும் என்பதாகும்.

4. பொருளாதாரக் கோரிக்கை அரசியற் கோரிக்கையானவாறு

சவர்க்காரம் கேட்டவர் சில மாதங்களுள் அரசியல் யாப்பைத் திருத்தக் கேட்டது எவ்வாறு? சிலர் இதனை வெளியாரின் தூண்டுதல் என்றனர். அவ்விளக்கம் மேலோட்டமானது. முதலாளித்துவ நாடொன்றில் வேலைகொள்வோன் ஒருவன், விலையை நிருணயிப்பது சந்தை, கடை நடத்துபவன் மற்றொருவன். ஆதலின் தொழிலாளியின் கோபம் பல திசைகளிற் சிதறுகின்றது. சோவியத் அமைப்பில் வேலைகொள்வோன், விலை நிருணயிப்போன், கடைக்காரன், வீட்டுச் சொந்தக்காரன் ஆகிய அனைவரும் அரசே. அங்கு சம்பளத்துக்கான ஒவ்வொரு கோரிக்கையும் இயல்பாகவே அரசாங்கத்தின் மீதான கோரிக்கையாகும். 608 ஆம் தீர்மானம் வாக்களித்த பொருட்களை அனுப்ப வேண்டிய அமைச்சுக்கள் அவற்றை அனுப்பத் தவறியபோது, குற்றவாளியைத் தேடித் தொழிலாளர் வெகுதூரம் செல்லவேண்டியிருக்கவில்லை.

நகரங்களிலும் எதிர்ப்பு வலுத்தது. 1990 பெப்ரவரி 4 ஆம் திகதி மொஸ்கோவில் இலட்சக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர். சில நாட்களுள் கட்சியின் மத்திய குழு 6 ஆவது பிரிவைக் கைவிட இணங்கியது. மார்ச்சில் யாப்புத் திருத்தப்பட்டது. அப்பேராயமே கொர்பச்சேவை நாட்டின் ஜனாதிபதியாகவும் தெரிவுசெய்தது. பொதுமக்களின் நேரடி வாக்கை அவர் நாடவில்லை. பின்னாளில் அவரது பெருங்குறைபாடாக அமைந்தது இதுவே எனலாம். மே 1 ஆம் திகதி செஞ்சதுக்கத்தில், தொழிலாளர் தின ஊர்வலத்தின் இறுதியில் வந்தோர் கூக்குரலிட்டு எதிர்ப்புத் தெரிவிக்க, லெனின் சமாதியின் மேல் நின்ற தலைவரும் சகாக்களும் இறங்கிச் செல்ல நேர்ந்தது. உழைப்பாளர் தினத்திலே, அவ்விடத்திலே, அவ்வாறு நிகழ்ந்ததன் குறியீட்டுப் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

5. 1991: பதவிவிலகற் கோரிக்கை

1991 ஜனவரி 13 ஆம் திகதி லித்துவேனியத் தலைநகர் வில்னியுஸில் இராணுவத் தாக்குதலில் 14 பேர் இறந்தனர். இங்கு ஒன்றைச் சுட்டுதல் தகும். சுரங்கத் தொழிலாளர் விடயத்தில் கொர்பச்சேவ் ஆட்சி காட்டிய பொறுமையைத் தேசிய இனங்களின் கிளர்ச்சி விடயத்தில் எப்போதும் காணமுடியவில்லை. 1989 ஏப்பிரலில் திபிலிசியிலும் 1990 ஜனவரியில் பாக்குவிலும் குருதி சிந்தப்பட்டிருந்தது.

மார்ச் 1 ஆம் திகதி தொடங்கிய இரண்டாவது பெரும் வேலைநிறுத்தம் ஏறத்தாழ இரு மாதங்கள் நீடித்தது. அதன் உச்சத்தில் சுமார் 3 இலட்சம் தொழிலாளர் அதிற் சேர்ந்திருந்தனர். இப்போது முதன்மைக் கோரிக்கை கொர்பச்சேவின் பதவிவிலகல். மார்ச் 28 ஆம் திகதி மொஸ்கோவில் ஆர்ப்பாட்டங்களைத் தடைசெய்து ஏறத்தாழ 50,000 படையினர் நிறுத்தப்பட்டபோதும் பெருந்திரளானோர் தடையை மீறிக் கூடினர். ஏப்பிரல் 2 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த விலையேற்றம், அதுகாறும் அமைதியாயிருந்த மின்ஸ்க் நகரத் தொழிலாளரையும் வீதிக்குக் கொண்டுவந்தது. ஓராண்டுக் காலத்திற் படிப்படியாகச் சம்பளத்தை இரட்டிப்பாக்க அரசு முன்வந்தது. தொழிலாளர் அதனை ஏற்கவில்லை. 1989 இல் ஒரு கட்டிச் சவர்க்காரத்தால் ஆற்றியிருக்கக்கூடிய சினத்தை 1991 இல் இருமடங்கு சம்பளத்தாலும் ஆற்ற முடியவில்லை. காலந்தாழ்த்தித் தரப்படும் சலுகை, தருபவரின் பலவீனத்துக்கே சான்றாகின்றது.

இவ்வெற்றிடத்துள் புகுந்தவர் பொரிஸ் யெல்ற்சின். மே மாத முற்பகுதியில் அவர் குஸ்பாஸ் சென்று, ரஷ்யக் குடியரசிலுள்ள சுரங்கங்களை மத்திய அரசிடமிருந்து அக்குடியரசின் அதிகாரத்துக்கு மாற்ற வழிசெய்தார். தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். யூன் 12 ஆம் திகதி மக்களின் நேரடி வாக்கினால் அவர் ரஷ்ய ஜனாதிபதியானார். ஓகஸ்ட் சதி தோற்றபின், டிசெம்பர் 25 ஆம் திகதி கொர்பச்சேவ் பதவி துறந்தார். சோவியத் ஒன்றியமும் முடிவெய்தியது.

6. வெற்றியின் மறுபக்கம்

வரலாறு இத்துடன் நிற்கவில்லை. 1992 ஜனவரி 2 ஆம் திகதி விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது சேமிப்புக்கள் கரைந்தன. கரியைத் தாமே விற்றாற் செழிக்கலாம் எனத் தொழிலாளர் நம்பியிருந்தனர். ஆயின் பெரும்பாலான சுரங்கங்கள் அரச மானியத்திலேயே தங்கியிருந்தன என்பதைச் சந்தை அவர்களுக்கு உணர்த்தியது. சுரங்கங்கள் மூடப்பட்டன. எஞ்சியவற்றிற் சம்பளம் பல மாதங்கள் நிலுவையாயிற்று.

1998 மே மாதத்தில் தொழிலாளர் சைபீரியப் பெரும்புகையிரதப் பாதையை மறித்தனர். யூன் தொடக்கம் மொஸ்கோவில் அரசாங்க மாளிகைக்கு எதிரே பாலத்தருகில் பல மாதங்கள் குந்தியிருந்து, தம் தலைக்கவசங்களைக் கல்லிலே தட்டி, யெல்ற்சினின் பதவிவிலகலைக் கோரினர். 1991 ஓகஸ்டில் யெல்ற்சின் தாங்கியொன்றின் மீதேறி மக்களை நோக்கிப் பேசியது அதே கட்டிடத்தின் முன்னாலேயாகும்.

இரு காலப் போராட்டங்களையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். 1989 இல் தொழிலாளர் கரி வெட்டுவதை நிறுத்தியதே போதுமானதாயிருந்தது. உருக்காலைகளுக்கு அது இன்றியமையாததாகையால் அரசு ஓடிவந்தது. 1998 இல் அவர்தம் கரிக்குக் கேள்வி குன்றியிருந்தது. வேலையை நிறுத்துவதால் எவரும் அசையவில்லை. எனவேதான் பிறர் பயணஞ்செய்யும் பாதையை மறிக்க நேர்ந்தது. உழைப்பு வேண்டப்படும்போதே உழைப்பை மறுத்தல் ஆயுதமாகின்றது.

முடிவுரை

கொர்பச்சேவ் துப்பாக்கியைத் தவிர்த்தமை அவர் பெருமையே. நொவொச்செர்காஸ்கை நினைவிற்கொள்வோர் இதனை மறுக்கார். அவரது தவறு செவிசாய்த்ததன்று. கேட்டதை நிறைவேற்றும் நிறுவனங்களையும், மக்களின் குறையை நாள்தோறும் எடுத்துரைக்கும் சுதந்திரமான தொழிற்சங்கங்களையும் உரிய காலத்தில் உருவாக்கத் தவறியதாகும். தொழிலாளரின் தவறும் மனங்கொளத்தக்கது. யாரை அகற்ற வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாயிருந்தனர். அகற்றியபின் சுரங்கம் யாருடையதாதல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தனர். தலைவரைப் பதவியிறக்கும் வலிமை மக்களிடம் உண்டென்பதை 1991 காட்டியது. அவ்வலிமை மட்டும் போதாதென்பதை 1998 இல் மொஸ்கோத் தெருவிலே தட்டப்பட்ட தலைக்கவசங்களின் ஒலி உணர்த்திற்று.