பேட்ஜ் போன சைக்கிள்: எந்த ஊர், எந்த வருஷம்?

காயலான் கடையில் ஒரு பழைய சைக்கிள் நிற்கிறது. முகப்பில் பேட்ஜ் இல்லை. இரண்டு மூன்று தடவை பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அதற்கு மேல் துரு ஏறியிருக்கிறது. கடைக்காரர், "அசல் இங்கிலாந்து ராலே சார்" என்கிறார். விலையும் அதற்கேற்பச் சொல்கிறார். அவர் சொல்வது உண்மைதானா என்று அந்த வண்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கே தொட்டுப் பார்ப்பது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலானோர் முதலில் பெயரைத் தேடுவார்கள். பெயர் பொறித்த பித்தளைத் தகடோ இரண்டு சின்ன ஆணிகளில் நிற்பது. அதை ஐந்து நிமிஷத்தில் கழற்றி வேறொரு வண்டியில் அடித்துவிடலாம். சீட், ஹேண்டில்பார், கேரியர், மட்கார்டு எல்லாமே ஐம்பது, அறுபது வருஷ ஓட்டத்தில் ஒரு முறையாவது மாறியிருக்கும். ஆகவே எதை மாற்றுவது மிகக் கடினமோ அதிலிருந்து தொடங்கி, எளிதில் மாறுவதை நோக்கி வர வேண்டும். அப்படிப் பார்த்தால் முதலில் கவனிக்க வேண்டிய இடம், பெடல் அச்சு குறுக்காக ஓடும் அந்தக் கட்டைக் குழாய். பாட்டம் பிராக்கெட் என்பார்கள். ஃபிரேமின் இரண்டு பெரிய குழாய்களும், பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்களும் வந்து சேரும் இடம் அது. அதன் இரு வாய்களிலும் உள்பக்கம் மரை வெட்டியிருக்கும். பால்ரஸ் ஓடும் கப் அந்த மரையில்தான் ஏறும்.

அந்த மரையை ஒவ்வொரு நாடும் தன் இஷ்டப்படி வெட்டியது. பொதுவான பிரிட்டிஷ் அளவு 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, குழாயின் அகலம் 68 மி.மீ. இத்தாலியில் விட்டம் 36 மி.மீ., அங்குலத்துக்கு அதே 24 மரை, அகலம் 70 மி.மீ. பிரான்சில் விட்டம் 35 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. இவை எதிலும் சேராமல், இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் இருந்த ராலே தொழிற்சாலை தன் ரோட்ஸ்டர் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை வைத்தது. குழாயின் அகலமும் 71 அல்லது 76 மி.மீ. என்று கூடுதலாக இருக்கும். ஃபிரேமிலிருந்து ஃபோர்க், ஹப் வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே செய்துகொண்ட நிறுவனத்துக்கு அடுத்தவர் அளவோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிக உறுதியான அடையாளம். பேட்ஜை மாற்றுபவர் யாரும் மரையை மாற்றுவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இடது பக்கத்து கப்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மரையைச் சுத்தமாகத் தேய்க்க வேண்டும். 24 மரை என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு கப்பை எடுத்து, இரண்டின் மரைகளையும் ஒன்றோடொன்று பதியும்படி பக்கவாட்டில் சேர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே அளவு என்றால் முழு நீளத்துக்கும் பல்லோடு பல் படிந்து, இடையில் வெளிச்சம் தெரியாது. ஒன்று 26 என்றால் ஒரு முனையில் படிந்து மறுமுனையில் விலகி நிற்கும். ஒரே சிக்கல், பிரெஞ்சு மரையும் ராலே மரையும் அநேகமாக ஒன்றுபோலவே இருப்பது. 26 மரை என்றால் இடைவெளி 0.977 மி.மீ., பிரெஞ்சு அளவு 1 மி.மீ. கண்ணால் பிரிக்க முடியாது. விட்டத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. அங்கே குழாயின் அகலத்தை அளந்தால் விடை கிடைத்துவிடும். பிரெஞ்சு வண்டி 68 மி.மீ.யில் நிற்கும்.

செயின் பக்கத்து கப்பை விஷயம் தெரியாமல் தொடவே கூடாது. பிரிட்டிஷ் வண்டியில் அது இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இத்தாலிய, பிரெஞ்சு வண்டிகளில் இரு பக்கமும் வழக்கமான வலது மரை. தப்பான திசையில் நீளக் குழாய் போட்டு ஸ்பேனரை அழுத்தி, நல்ல ஃபிரேம்களைப் பாழாக்கியவர்கள் ஏராளம். அதேபோல 24 மரை கப்பை 26 மரை குழாயில் ஏற்றினால் முதல் இரண்டு சுற்று எளிதாகப் போகும், பிறகு இறுகும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இறுக்கித் திணித்தால் ஃபிரேமின் மரை போய்விடும், அந்த வண்டியின் பிறப்புச் சான்றும் அதோடு போகும்.

அடுத்து சீட் குழாய். பிரிட்டிஷ், இத்தாலிய ஃபிரேம்களில் அதன் வெளிவிட்டம் 28.6 மி.மீ., பழைய பிரெஞ்சு ஃபிரேம்களில் 28 மி.மீ. உள்ளே இறங்கும் சீட் கம்பியின் விட்டத்தை அளந்து கழித்துப் பார்த்தால் குழாய்ச் சுவரின் தடிமன் தெரிந்துவிடும். சீட் கம்பி 25.4 மி.மீ. என்றால் வித்தியாசம் 3.2, அதாவது சுவர் சுமார் 1.6 மி.மீ. பால்கேன் கட்டி ஓட்டும் கனமான ரோட்ஸ்டர் அது. சீட் கம்பி 27.2 மி.மீ. என்றால் சுவர் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அப்படி மெல்லிதாகச் செய்ய நல்ல எஃகு வேண்டும். பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகோ, மிலான் நகரின் கொலம்பஸ் குழாயோ அதில் இருக்கலாம். துரு மூடிக் கிடக்கும் ஒரு ஃபிரேமைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவதற்கு முன் இந்த ஒரு கழித்தல் கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி கண்ணுக்கு விருந்தான பகுதி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கம்பெனிகள் செயின் வீலைச் சும்மா வட்டத்தகடாக விடவில்லை. தங்கள் சின்னத்தை எஃகிலேயே வெட்டி வைத்தன. ராலே செயின் வீலில் நாரையின் தலை தெரியும். நிறுவனத்தை வளர்த்த ஃபிராங்க் பவுடனின் குலச்சின்னத்திலிருந்து வந்தது அது. ஹம்பர் செயின் வீலில் ஐந்து குட்டி மனிதர்கள் வட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். ரட்ஜ் வண்டியில் விரித்த உள்ளங்கை. பி.எஸ்.ஏ. வண்டியில் அந்த மூன்று எழுத்துகளே ஆரக்கால்கள். அதன் பேட்ஜில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் அது பர்மிங்காமில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி. செயின் வீல் தேய்ந்தால் மாற்றுவது உண்டு என்பதால் இதை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது. ஆனால் முன் ஃபோர்க்கும் அதே பெயரைச் சொன்னால் தைரியமாக நம்பலாம். ஹம்பரின் உயர்வகை வண்டிகளில் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரண்டு மெல்லிய குழாய்கள் சேர்ந்தது. பத்தடி தூரத்திலேயே அடையாளம் தெரியும். எனக்குத் தெரிந்து சைக்கிளில் அதைவிட அழகான ஃபோர்க் இல்லை.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. ராலே 1932இல் ஹம்பரையும், 1943இல் ரட்ஜையும், 1957இல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவையும் வாங்கியது. 1960இல் ஹெர்குலஸ், பிலிப்ஸ் பெயர்களை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் சைக்கிள் பிரிவோடு இணைந்தது. போட்டியாளர்களாக இருந்த பெயர்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. பேட்ஜும் செயின் வீலும் பழைய பெயரில் தொடர, அடியில் இருக்கும் ஃபிரேம் நாட்டிங்காம் ஃபிரேமாக மாறியது.

அதே பெயர்கள் நம் ஊரிலும் பிறந்தன. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் நிறுவப்பட்டது. முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கியது. ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கே தயாராயின. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை ராலே, ஹம்பர், ரட்ஜ் வண்டிகளைச் செய்தது. ஆக, 'ராலே' என்பதால் மட்டும் ஒரு வண்டி கப்பலில் வந்தது என்று ஆகிவிடாது. ஹப், கிராங்க், பிரேக் கம்பி இணைப்புகள் என்று துருவை நீக்கித் துருவித் தேட வேண்டும். எங்கே செய்தது என்று அவற்றில் பொறித்திருப்பது வழக்கம். என்னைக் கேட்டால் அம்பத்தூர் வண்டியோ ஆசன்சோல் வண்டியோ மதிப்பில் குறைந்தது அல்ல. அதை இங்கிலாந்து வண்டி என்று பொய் சொல்லி விற்பதுதான் அதற்குச் செய்யும் அவமரியாதை.

ஊர் தெரிந்தால் வருஷம். அதைச் சொல்வதில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்புக்கு இணையான சாட்சி கிடையாது. 1902இல் நாட்டிங்காமில் தொடங்கிய இந்த நிறுவனத்தின் ஏடபிள்யூ என்ற ஹப் 1936இல் வந்தது. முதல் கியரில் நேர் ஓட்டத்தின் முக்கால் பங்கு, மூன்றாவதில் ஒன்றேகால் பங்குக்கும் சற்று மேல். அதன் உருளைமேல் தேதியையே பொறித்துவிட்டார்கள். போருக்குப் பிந்தைய ஹப்களில் எழுத்துகளுக்குப் பக்கத்தில் 58, 7 என்று இருந்தால் 1958 ஜூலை. ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு நடுவில் கெட்டியான கிரீஸ் அப்பியிருக்கும், துடைத்தால்தான் தெரியும். சக்கரம் மாறியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஆனால் கம்பிகளை எண்ணிப் பார்த்து, முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்று பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி இருந்து, ரிம்மும் ஒரே ஜோடியாகத் தெரிந்தால் அது பிறவிச் சக்கரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய வழக்கம் இரண்டிலும் 36.

ரேஸ் வண்டிகளில் தேதி வேறு இடங்களில் ஒளிந்திருக்கும். இத்தாலியின் கம்பனோலோ நிறுவனத்து நுவோவோ ரெக்கார்ட் பின் கியர் மாற்றியின் மேல் 'பேடன்ட் 74' போலப் பொறித்திருந்தால் அது ஏறக்குறைய 1974இல் செய்தது. ஜப்பானின் ஷிமானோ உதிரிகளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து வருஷம், 'ஏ' என்றால் 1976. இரண்டாவது மாதம், 'ஏ' என்றால் ஜனவரி. பல உதிரிகளின் தேதி கிடைத்தால் அவற்றைச் சராசரி எடுக்கக்கூடாது. பிற்பாடு மாற்றியவை என்று தெரிபவற்றை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கடைசித் தேதி எதுவோ அதற்குப் பிறகுதான் வண்டி பூட்டப்பட்டிருக்க முடியும்.

ஃபிரேம் நம்பரைப் பற்றி நிறையப் பேர் ஆசையோடு கேட்கிறார்கள். சீட் குழாயின் மூட்டிலோ பாட்டம் பிராக்கெட்டின் அடியிலோ இருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் அந்த எண்ணை மட்டும் வைத்து வருஷம் சொல்வது கடினம். எழுதி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முலாமும் பெயின்டும் கடைசியில் வரும் சாட்சிகள், ஆனாலும் கேட்டுவிட வேண்டியவை. குரோம் முலாம் சைக்கிளுக்குப் பரவலாக வந்தது 1930ஐ ஒட்டி. அதற்கு முந்தியது நிக்கல், மஞ்சள் சாயல் கலந்த மங்கலான பளபளப்பு. இரண்டாம் உலகப் போர்க்கால வண்டிகளில் குரோம் கிடைக்காமல் ரிம்முக்கும் ஹேண்டில்பாருக்கும்கூடக் கறுப்பு அடித்தார்கள். மேல் பெயின்டைச் சுரண்டும் முன், இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அடித்துப் பாருங்கள். பழைய எழுத்துகளின் விளிம்பு பெயின்டுக்கு அடியிலிருந்து லேசாக மேடிட்டுத் தெரியும். பேட்ஜ் போன இடத்தில் ஆணித் துளைகள் மேலும் கீழுமாக உள்ளனவா, இடமும் வலமுமாகவா, இடைவெளி எவ்வளவு என்று குறித்துக்கொண்டால் எந்தப் பேட்ஜ் அங்கே உட்காரும் என்று ஒப்பிடலாம். இதையெல்லாம் பார்க்காமல் நேரே மணல் வீச்சுக்கும் புதுப் பெயின்டுக்கும் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. தங்கக்கோடு கையால் இழுத்த அசல் பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தாலும் அப்படியே விட்டு எண்ணெய் துடைப்பது மேல்.

ஒரு வண்டியை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். பேட்ஜ் இல்லை. செயின் வீலில் பி.எஸ்.ஏ. எழுத்துகள். கடைக்காரர், "பர்மிங்காம் சரக்கு, சண்டைக்கு முந்தியது" என்கிறார். பாட்டம் பிராக்கெட் அகலம் 76 மி.மீ. இடது கப்பை 24 மரை கப்போடு சேர்த்துப் பிடித்தால் ஒரு முனை விலகுகிறது, அதாவது 26. அப்படியென்றால் செயின் வீல் மட்டும்தான் பி.எஸ்.ஏ., ஃபிரேம் ராலேயின் மரை. சீட் கம்பி 25.4, சாதாரண ரோட்ஸ்டர் குழாய். கம்பிகள் 32, 40. கிரீஸைத் துடைத்தால் ஹப்பில் ஏடபிள்யூ, 59, 3. செயின் வீல் வேறு வண்டியிலிருந்து வந்ததற்கான தடயம் எதுவும் இல்லையென்றால், இது ராலே பி.எஸ்.ஏ.வை வாங்கியதற்குப் பிறகு, 1959 மார்ச்சிலோ அதற்குச் சில மாதங்கள் கழித்தோ நாட்டிங்காமில் பூட்டிய வண்டி. இங்கிலாந்து வண்டி என்பதில் கடைக்காரர் சொன்னது சரி. ஊரும் வருஷமும்தான் வேறு. விலையை அதற்கேற்பப் பேசலாம், கப் வாங்கப் போகும்போது 26 மரை என்று கேட்டு வாங்க வேண்டும்.