வாய் நாற்றம்: பழி வயிற்றின் மேல், குற்றம் நாக்கில்

நாகர்கோவிலுக்குக் கிழக்கே மயிலாடிக்குள் நுழைந்தாலே உளிச் சத்தம் காதில் விழும். சாமி சிலை, தூண், அம்மி, ஆட்டுக்கல் என்று கருங்கல்லை நம்பிப் பிழைக்கும் ஊர். கட்டிங் மெஷின் வந்த பிறகு தூசியும் கூடிவிட்டது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பகல் முழுக்க வாயால் மூச்சு விட்டு வேலை பார்க்கிறவருக்குச் சாயங்காலம் வாய் வறண்டு கிடக்கும். பேசும்போது எதிரில் நிற்பவர் முகத்தைத் திருப்பினால், 'வயிறு சரியில்லை போல' என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் போவார்.

வயிறு பெரும்பாலும் நிரபராதி.

வாய் நாற்றத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது வாயிலேயே பிறப்பதுதான். நாக்கின் பின்பகுதியில் வெள்ளையாகப் படியும் மாவுக்கு அடியில் காற்றுப் படாத இடுக்குகள் உண்டு. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உணவுத் துணுக்கிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைக்க, ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் என்ற கந்தக வாயுக்கள் கிளம்புகின்றன. முதலாவது, அழுகிய முட்டையின் வாடை. ஈறு வீங்கி ரத்தம் கசிகிற வாயில் இவை இன்னும் அதிகம். இதையெல்லாம் கழுவி விடுவது எச்சில். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கும். தூக்கத்தில் வெகுவாகக் குறையும். காலையில் எல்லோருக்கும் வாய் நாறுவது இதனால்தான். பட்டறைக்காரருக்கு அந்தக் காலை நேரம் பகலிலும் நீள்கிறது. முகத்துண்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. கல்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தின்றுவிடும். வாய் வறட்சிக்கு அடிக்கடி தண்ணீர் குடித்தால் போதும்.

நாஞ்சில் நாட்டுப் பாட்டிமார் உமிக்கரியால் பல் தேய்த்து, தென்னை ஈர்க்கிலைக் கீறி வளைத்து நாக்கை வழித்தார்கள். இதில் ஈர்க்கிலுக்கு முழு மதிப்பெண் தரலாம். உமிக்கரி அப்படியல்ல, சொரசொரப்பான கரி பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். இன்று பல பேர் பேஸ்ட்டுக்கு மாறியதோடு நாக்கு வழிப்பதையும் விட்டுவிட்டார்கள். வேண்டாததைக் கைவிடும்போது வேண்டியதும் சேர்ந்து போய்விட்டது.

வெற்றிலை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் வாடையை மூடுமே தவிர நீக்காது. கூடவே போகும் பாக்கு, புகையிலை இல்லாமலேகூட, புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருக்கிறது. கொப்பளிக்கும் மருந்தும் தனியாக நின்று காப்பாற்றாது. 1879இல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாகப் பிறந்த லிஸ்டரின், வாய் நாற்றத்தைக் காட்டிப் பயமுறுத்திய 1920களின் விளம்பரங்களால்தான் வீட்டுக்கு வீடு நுழைந்தது.

தன் வாய் வாடை தனக்குத் தெரியாது. மணிக்கட்டை நக்கி, சில விநாடி உலரவிட்டு முகர்ந்தால் ஓரளவு பிடிபடும். இரவும் காலையும் பல் துலக்கி, நாக்கைப் பின்னிருந்து முன்னாக மெதுவாக வழித்து, பல்லிடுக்கையும் சுத்தம் செய்து பாருங்கள். இரண்டு வாரத்தில் மாறாவிட்டால் முதலில் பல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாடை அடித்து, வாந்தியோ மயக்கமோ இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.