சமயம் துறத்தலும் உறவு தொடர்தலும்: மலையகத் தோட்டப்புறத்தை முன்னிறுத்திய சில குறிப்புகள்

சமய மாற்றம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை ஒருவர் புதிய சமயமொன்றிற் சேர்ந்த வரலாற்றையே கூறுவன. மிஷனரிமாரின் அறிக்கைகளும் அவற்றுக்கு மறுப்பாக எழுந்த சைவக் கண்டனங்களும் இவ்வகையில் ஒன்றுபடுகின்றன. சேர்ந்தவர் பின்னர் விலகினாரா, விலகியபின் தாயும் தமையனும் தாய்மாமனும் அவரை எவ்வாறு நடத்தினர், அவர் வீட்டு மரணத்துக்கு யார் வந்தனர் என்பன பதிவு பெறுதல் அரிது. குடிசன மதிப்பீட்டிலும் இதே குறைபாட்டைக் காணலாம். 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இலங்கை மக்களுள் இந்துக்கள் 12.6 வீதம், கத்தோலிக்கர் 6.2 வீதம், ஏனைய கிறிஸ்தவர் 1.4 வீதம் எனக் கூறும். ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குச் சென்று மீண்டவர் எத்தனை பேர் என்று கூறாது. விலகியவரின் வாழ்வையும் உறவையும் நிர்ணயிக்கும் சமூகக் காரணிகள் யாவை என்பதை, மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜ் சுற்றுப்புறத் தோட்டங்களை மனங்கொண்டு விளக்க முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பும் உலக உதாரணம் மோர்மன் சமயமே எனலாம். மலையகத்தில் வேரூன்றிய சமயமன்று அது. எனினும் ஒப்புநோக்குக்கு வேண்டியதாகிறது. 1830-இல் நியூயோர்க் மாநிலத்தில் யோசப் சிமித்தினால் நிறுவப்பெற்று, 1847 முதல் பிரிகம் யங் தலைமையில் யூட்டாவின் உப்பேரிப் பள்ளத்தாக்கில் நிலைகொண்ட இச்சபை, இன்று ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டது. வருவாயில் பத்திலொரு பங்கு காணிக்கை, இளைஞர்க்கு ஈராண்டு ஊழியம், மது புகையிலையோடு தேநீரும் கோப்பியும் விலக்கல் என்பன இதன் ஒழுக்க விதிகள். (மலையகத் தொழிலாளி ஒருவர் இச்சபையிற் சேர்வாராயின் தம் கையாற் கொய்த கொழுந்தின் சாயத்தையே அவர் அருந்தலாகாது!) இச்சபையின் மையக் கோட்பாடு குடும்பம் பற்றியது. கோயிலிலே 'முத்திரையிடப்பெற்ற' கணவனும் மனைவியும் மக்களும் மரணத்தின் பின்னரும் ஒரே குடும்பமாக நிலைப்பர் என்பது அது. ஆகவே மகன் ஒருவன் சபையை விட்டு நீங்கும்போது பெற்றோர் அதனைக் கருத்து மாற்றமாக மட்டும் காண்பதில்லை. நித்தியக் குடும்பத்தில் அவன் இடம் வெறுமையாகி விட்டதாகவே அஞ்சுகின்றனர். அன்பு மிகுந்த குடும்பத்திலேயே இந்த அச்சமும் மிகுதியாக இருக்கும் என்பது கவனத்துக்குரியது.

கோயிலுட் புகுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். காணிக்கையும் ஒழுக்கமும் பற்றிய நேர்காணலின் பின்னரே அது கிடைக்கும். சபையை விட்டவர்க்கு அது கிடையாது. எனவே தம் மகளின் கோயில் திருமணத்தைத் தந்தையோ தாயோ காணமுடியாது வெளியே காத்திருக்கும் நிலை உண்டாயிற்று. உறவினர் முன்னிலையில் முதலிற் சிவில் திருமணம் செய்துகொள்ளலாமே எனின், ஐக்கிய அமெரிக்காவில் அவ்வாறு செய்தோர் கோயிற் சடங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 மே மாதத்திலேயே இவ்விதி நீக்கப்பட்டது. ஆனால் சிவில் திருமணம் முதலில் நிகழ வேண்டுமென அரச சட்டமே கட்டாயப்படுத்திய நாடுகளில், அதே சபை அந்த ஓராண்டுத் தடையை முன்னரும் வலியுறுத்தவில்லை. தெய்வக் கட்டளையாகத் தோன்றுவது நாட்டுச் சட்டத்தின் வரம்புக்கேற்ப வளைந்து கொடுக்கக் கூடியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. விலகுதல் என்ற உரிமையும் இவ்வாறே வந்தது. 1985-இல் அரிசோனா மாநிலத்தில் ஒருவர், தாம் முன்னரே விலகிவிட்டதாக அறிவித்த பின்னரும் சபை தம்மை 'விலக்கியது' என்று வழக்குத் தொடுத்தார். வழக்கு இணக்கத்தில் முடிந்தது. பின்னர் எழுத்துமூல வேண்டுகோளின் பேரிற் பெயரை நீக்கும் நடைமுறை வகுக்கப்பட்டது.

இனி, நம்மவர் வரலாற்றுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கிறிஸ்தவச் சூழலிற் பயின்றவர்கள். இருவருமே பின்னர் சைவத்துக்கு மீண்டவர்கள். தாமோதரம்பிள்ளை (1832-1901) கிறிஸ்தவக் குடும்பத்திலேயே பிறந்தவர். இம்மீட்சி சைவ மறுமலர்ச்சியின் வெற்றியாகப் பல முறை கொண்டாடப்பட்டிருக்கிறது. குடும்பத்துள் அது ஏற்படுத்திய தாக்கம் ஆராயப்படவில்லை. யாழ்ப்பாணத்துச் சமய மாற்றம் காணியோடும் சீதனத்தோடும் உத்தியோகத்தோடும் பின்னிப் பிணைந்திருந்தது. சமயம் விட்டவன் உரிமைக் காணியை இழக்கலாம், சம்பந்தத்தை இழக்கலாம் என்ற அச்சம் அங்கே உறவைக் கட்டுப்படுத்தும் கயிறாயிற்று. பிரித்தானிய இந்தியாவில் 1850-இன் சாதித் தகுதியின்மை நீக்கச் சட்டம் எழுந்ததும், பல்லாரியிலிருந்து சென்ற ஆபிரகாம் வழக்கை 1863-இற் பிரிவுக் கவுன்சில் விசாரித்ததும் மதம் மாறியவரின் குடும்பச் சொத்து யாருக்கு எவ்விதியின்படி என்ற வினாவின் பேரிலேயே.

தோட்டப்புறத்தில் இக்கயிறு இல்லை. ஹற்றனுக்கு அப்பால், கெஹெல்கமு ஓயாவை மறித்த நீர்த்தேக்கத்தின் ஓரமாக அமைந்த சிற்றூர் நோட்டன் பிரிட்ஜ். 1950-இல் இயங்கத் தொடங்கிய லக்சபான மின்திட்டமும், 1965-இன் விமலசுரேந்திர மின்நிலையமும் இவ்வூரை நாட்டுக்கு அறிமுகப்படுத்தின. மேலே ஏழு கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4-இல் இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த விமானம் அம்மலையில் மோதி 191 பேரும் மாண்டனர். கன்னித் தெய்வங்களின் பெயர் கொண்ட மலையடியில், மக்கா நோக்கிச் சென்றோரின் நினைவும் நிலைத்துவிட்டது. சுற்றிலும் தேயிலை, தேயிலையினூடே லயங்கள். இங்கு வாழ்வோர்க்குப் பல தலைமுறைகளாகக் காணியும் இல்லை, வீடும் சொந்தமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான லயக் காம்பரா தோட்டத்தினுடையது. வேலை உள்ளவரை இருப்பு. சொத்தில்லாத இடத்திற் சொத்துரிமை மறுப்பு என்ற தண்டனைக்கு இடமில்லை. ஆயின், சமயம் விட்டவர் விலகிச் சென்று வாழவும் இடமில்லை. பக்கத்துக் காம்பராவில் அண்ணன். எதிர் லயத்தில் மாமன். ஒரே தண்ணீர்க் குழாய். ஒரே மலையிற் கொழுந்து. யூட்டாவில் விலகியவர் வேறு நகருக்குக் குடிபெயரலாம். இங்கே விலகியவர் அதே பீலிக்கரையில் அடுத்த நாட் காலையும் நிற்க வேண்டும்.

கிறிஸ்தவம் இத்தோட்டங்களுக்குப் புதிதன்று. தோட்டத்துரைமாரின் ஆதரவோடு 1854-இலே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. டிக்கோயாவின் வார்லி தேவாலயம் 1878-இல் எழுந்தது. கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பணியாற்றினர். கங்காணி ஒருவரின் கீழ் வந்த ஆட்கூட்டம் பெரும்பாலும் உறவும் சாதியும் சார்ந்த கூட்டமாதலின், சமயமும் கூட்டத்தோடு சேர்ந்தே இயங்கியது. அண்மைத் தசாப்தங்களிற் பரவிய பெந்தெகோஸ்தே சபைகளே தனிமனிதரைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கும் தன்மை வாய்ந்தவை. குடும்பத்துட் பெண்ணே முதலில் இச்சபைகளிற் சேர்வதைப் பல இடங்களிற் காணலாம். கணவனின் குடி, பிள்ளையின் நோய், கடன் ஆகியவற்றுக்கிடையே அவளுக்குப் பெயர் சொல்லி அழைத்துப் பிரார்த்திக்கும் ஒரு கூட்டம் கிடைக்கிறது. 'பணத்துக்காக மாறினார்கள்' என்று எளிதிற் கூறி முடிப்போர் இவ்வுண்மையைக் காண விரும்பாதவர்கள்.

நம்பிக்கை மாறியதற்காக எவரும் இங்கே கேள்வி கேட்பதில்லை. சாமியறையில் இயேசு படமும் மாரியம்மன் படமும் ஒருங்கே இருப்பது பழகிய காட்சி. பூசல் தொடங்குவது கடமைகளில். திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என விதிக்கும் கோயில் வரி, மாசி மாதக் காமன் கூத்தில் உரிய பங்கு, மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர், சாவு வீட்டில் நீர்மாலை, கொள்ளிக்குடம், கருமாதி என்பன உறவு முறையைக் காண வைக்கும் செயல்கள். மாமன் என்பவன் சீர் கொண்டு வருவதனாலேயே மாமன். பங்காளி என்பவன் பாடையிற் தோள் கொடுப்பதனாலேயே பங்காளி. விபூதியையும் பிரசாதத்தையும் மறுத்தவர், தாம் மறுத்தது விக்கிரகத்தை என்று கருதுகிறார். உறவினரோ அவர் தம்மையே மறுத்ததாகக் கொள்கின்றனர். இரு சாராரும் ஒரே செயலுக்கு இருவேறு பொருள் கொள்வதே மனத்தாங்கலின் தோற்றுவாய்.

சபையை விட்டு மீள்வோரின் நிலை இதன் மறுதலை. வாசல் திறந்தே இருக்கும்: ஒரு திருவிழாவுக்கு வரி கொடுத்து, ஒரு முறை காவடிக்குத் தோள் கொடுத்தால் அவர் மீண்டவராகிறார். அவர் இழப்பது வேறு. ஞாயிறுதோறும் கூடிய சகோதர சகோதரிகள், நோயில் வந்து அமர்ந்தோர், அவசரத்துக்குக் கடன் தந்தோர் ஒரே வாரத்தில் அந்நியராகின்றனர். 'பின்வாங்கிப் போனவர்' என்ற பெயர் சபையில் நிலைக்கிறது. மனைவி சபையிலும் கணவன் கோயிலிலும் எனக் குடும்பம் பிளவுபடும்போது இச்சிக்கல் இறுதியில் வெளிப்படுவது சவத்தின் முன்னிலையில். விசுவாசியாக இறந்த தாய்க்குத் தப்பு அடிக்கலாமா, மூத்த மகன் மொட்டையடிக்கலாமா என்பதிற் போதகரும் பங்காளிகளும் முரண்படுவர். தோட்டத்து மயானம் பொது. இந்துக்களும் பெரும்பாலும் புதைப்பவரே. அதனால் குழி பற்றி வழக்கில்லை, குழிவரை செல்லும் வழி பற்றியே வழக்கு. முற்றத்திற் செபம், பாதை திரும்பும் இடத்திலிருந்து தப்பு என்றவாறு சமரசம் காண்போர் உளர். சமயவாதிகள் இதனைக் குழப்பம் என்பர். தொழிலாள மக்கள் தம் நடைமுறை அறிவாற் கண்ட நாகரிகம் என்றே நாம் கொள்ளவேண்டும். ஈண்டு ஒன்று குறிப்பிடலாம்: தோட்டத்தில் தொழிற்சங்கத்தை விட்டு விலகுவதும் ஏறத்தாழ இதே அளவு உறவு முறிவை உண்டாக்கியதுண்டு. 1950-களின் நடுப்பகுதியில் அசீஸ் அணி பிரிந்தபோது, ஒரு முஸ்லிம் தலைவரின் பின்னே இந்துத் தொழிலாளர் பெருந்தொகையினராகச் சென்றனர்; சகோதரர் எதிரெதிர்ச் சங்கங்களில் நின்றனர். பிரிவினைக்குச் சமயம் ஒன்றே காரணமன்று என்பதற்கு இதுவும் சான்று.

சட்டம் இவற்றில் எவ்வளவு தலையிடுகிறது? 1978-இன் அரசியலமைப்பின் 10-ஆம் உறுப்புரை, விரும்பிய சமயத்தையோ நம்பிக்கையையோ கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் உள்ள உரிமையைக் கட்டுப்பாடின்றி வழங்குகிறது. 2004-இற் கொணரப்பட்ட பலவந்த மதமாற்றத் தடை மசோதா, மதம் மாறுவோர் பிரதேச செயலாளருக்கு அறிவிக்கவேண்டும் என்றது; அப்பிரிவை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானதெனக் கண்டது, மசோதாவும் சட்டமாகவில்லை. மலையகத் தமிழரின் திருமணம் 1907-இன் பொதுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் பாற்பட்டது. சமயம் விடுதல் அதிலே மணவிலக்குக்குக் காரணமாகாது. மதம் மாறி இரண்டாந் தாரம் கொள்ளலாம் என்று றீட் வழக்கில் 1965-இற் பிரிவுக் கவுன்சில் திறந்துவிட்ட வழியையும் 1998-இன் அபேசுந்தர வழக்குத் தீர்ப்பு அடைத்துவிட்டது. ஆகவே சட்டப்படி பார்த்தால், தோட்டத்தில் ஒருவர் எந்தச் சமயத்தை விட்டாலும் அவர் கணவர், தந்தை, மகன் என்ற நிலைகள் மாறுவதில்லை.

கடல் கடந்தவரின் நிலை வேறு. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களுட் பலர் நீலகிரியில் 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். அங்கே சமயம் சான்றிதழாகிவிட்டது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரே தாழ்த்தப்பட்ட சாதியினராகக் கணிக்கப்படுவர். கிறிஸ்தவராயின் தமிழ்நாட்டிற் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாய் ஒரே லயத்தில் வளர்ந்தோருள், கோயிலோடு நின்ற தமையனின் மக்களுக்கு ஓர் ஒதுக்கீடு, சபையிற் சேர்ந்த தம்பியின் மக்களுக்கு வேறொன்று. இந்து திருமணச் சட்டத்தில் (1955) மதமாற்றம் மணவிலக்குக் காரணமாகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் (1956) மதம் மாறியபின் பிறந்த பிள்ளைகள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாவதில்லை. மீண்டவர்க்கும் தொல்லை தீர்வதில்லை. திரும்பியவரைச் சாதியார் ஏற்றால் பழைய சாதி நிலை மீளும் என அருமுகம் வழக்கில் (1976) இந்திய உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2024 நவம்பரிற் புதுச்சேரிப் பெண்ணொருவரின் வழக்கில், தேவாலயத்துக்குத் தொடர்ந்து செல்பவர் வேலைக்காக மட்டும் இந்து என உரிமை கோரவியலாது என்று மறுத்தது. ஒருவரின் உள்ளத்தை அரச அலுவலகம் அளக்கத் தொடங்கும்போது, உறவினர் சாட்சிகளாகின்றனர். கோயிற்குழுத் தலைவர் கையொப்பமிடுவாரா என்பது பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கிறது.

இலங்கைத் தோட்டப்புறத்தில் இவ்வாறான சான்றிதழ்ச் சமயம் இதுவரை உருவாகவில்லை. ஆயினும் இரு திசைகளில் நிலைமை மாறி வருகிறது. 2015-க்குப் பின்னர் சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் வழங்கப்படுகின்றன. இது நியாயமான, காலங்கடந்த உரிமை. ஆனால் உறுதிப்பத்திரம் வந்த வீட்டில் வாரிசு வினாவும் வந்துவிடும். சபையில் இருக்கும் மகனுக்கா, கோயிலோடு நிற்கும் மகனுக்கா என்று தகப்பன் தீர்மானிக்கும் நிலை, யாழ்ப்பாணம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கண்ட நிலை. மற்றையது பாடசாலை. நீண்ட காலமாகச் சாதாரண தரத்திற் சமயம் கட்டாய பாடம். சமயம் எதனையும் பின்பற்றாத பெற்றோரின் பிள்ளையும் ஒரு சமய வகுப்பில் உட்கார்ந்தே ஆகவேண்டும். தந்தை சபையை விட்டார், தாய் விடவில்லை. பிள்ளை சைவநெறி படிப்பதா, கிறிஸ்தவம் படிப்பதா? அனுமதிப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும் இரவிலேதான் பல குடும்பங்கள் தம் பிளவை முதன்முதலாக வாய்விட்டுப் பேசுகின்றன.