உங்களுக்குத் தெரியுமா? ஏரிமேல் ஒரு கடைவீதி!

தினமும் அவசரமாகக் கடந்துபோகிற சென்னைத் தெருக்களைப் பற்றிச் சில துணுக்குகள்:

● இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான். 1895 மே மாதம் கிளம்பிய டிராம், கம்பெனி நொடித்துப் போனதால் 1953 ஏப்ரலில் நின்றுவிட்டது.

● கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931லேயே வந்துவிட்டது. தொடக்கத்தில் அது மீட்டர் கேஜ். அகலப்பாதை வந்த பிறகும் விடாப்பிடியாக 2004 வரை மீட்டர் கேஜ் வண்டி ஓடியது.

● பறக்கும் ரயிலின் தூண்கள் பல இடங்களில் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தில் வாடிய ஏழைகளுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று 1877-78ல் வெட்டப்பட்டது. விறகும் உப்பும் அரிசியும் படகில் வந்து இறங்கிய கால்வாய் அது. சாக்கடையாகிப் படகுகள் மறைந்தபின், அதன் தலைக்குமேல் ரயில் வந்தது.

● மெரினாவின் அகன்ற மணல்வெளி ஆதியிலிருந்தே இருந்ததல்ல. ஒரு காலத்தில் கோட்டைக்கு அருகிலேயே அலை அடித்தது. நம் கரையோரம் கடல்நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கி, கடலுக்குள் சுவர் நீண்டதும் அந்த மணல் வழிமறிக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. அதுதான் இன்றைய மெரினா. மணல் வந்து சேராத வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரித்தது. தென்சென்னைக்கு வரவு, வடசென்னைக்குச் செலவு!

● உயர் நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை எரிந்தது அலங்கார விளக்கல்ல. கப்பல்களுக்கு வழிகாட்டிய கலங்கரை விளக்கம். அதற்குப் பிறகுதான் மெரினாவில் புதியது வந்தது. அதில் லிப்ட்டும் உண்டு.

● சென்ட்ரலில் புறநகர் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம் முதல் வளர்ப்புப் பறவை வரை கிடைத்த அந்தச் சந்தை 1985 மே மாதம் தீக்கிரையானது. பக்கத்திலிருந்த மிருகக்காட்சி சாலையும் அதே ஆண்டு வண்டலூரில் புதுவீடு புகுந்தது.

● 1959ல் திறக்கப்பட்டபோது எல்.ஐ.சி. கட்டடம்தான் நாட்டிலேயே உயரமானது, 177 அடி. உண்மையில் அது ஒரு தனியார் காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கட்டத் தொடங்கியது. 1956ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனதால் எல்.ஐ.சி. வசம் வந்தது.

● அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் 1913ல் படம் காட்டினார்கள். எலெக்ட்ரிக் தியேட்டர் என்று பெயர். அதே சாலையில் 1964ல் ஒரே வளாகத்துக்குள் சஃபையர், எமரால்டு, புளூ டயமண்ட் என மூன்று தியேட்டர்கள் வந்தன. புளூ டயமண்டில் காட்சிகள் விடாமல் ஓடின; எப்போது வேண்டுமானாலும் உள்ளே நுழைய முடிந்தது. மல்டிபிளெக்ஸ் நமக்குப் புதிதல்ல!

● இன்றைய செம்மொழிப் பூங்காவில் 1962 முதல் 2008 வரை இருந்தது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். காரை நிறுத்திவிட்டு, இறங்காமலேயே தோசை சாப்பிடலாம்.

● சென்னைக்குக் காய்கறி கொடுத்த கொத்தவால் சாவடிச் சந்தை, நெரிசல் தாங்காமல் 1996ல் கோயம்பேட்டுக்குப் போனது. பாரிமுனையிலிருந்து கிளம்பிய வெளியூர்ப் பஸ்களும் 2002ல் அங்கே போயின. அங்கும் நெரிசல்! 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஊர் எல்லை துரத்திக்கொண்டே வருகிறது.

● தீபாவளிக்குத் துணி எடுக்க முண்டியடிக்கும் தி.நகர், நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரி. மைல் கணக்கில் நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1923 வாக்கில் அதன் மாம்பலம் பகுதியில் நீரை வடித்து மனை போட்டார்கள். அப்போது நீதிக்கட்சி ஆட்சி. அதனால் நகருக்குத் தியாகராயர், பூங்காவுக்குப் பனகல் அரசர், சாலைக்கு உஸ்மான் என்று கட்சித் தலைவர்களின் பெயர்களே நிலைத்தன. வள்ளுவர் கோட்டம் (1976) நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை.

ஐப்பசி மழையில் இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர் நின்றால் மழையைத் திட்டாதீர்கள். அது தன் பழைய விலாசத்தைத் தேடி வந்திருக்கிறது. சென்னையில் மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதோடு, அந்த இடம் முன்பு ஏரியா, குளமா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களையும் விசாரித்துவிடுங்கள்!