தையல் இயந்திரம் கொடுத்தால் போதுமா?

போரில் கணவனை இழந்த பெண்ணுக்கு என்ன உதவி செய்யலாம் என்று கேட்டால், நம்மில் பலர் உடனே சொல்வது தையல் இயந்திரம். அடுத்து ஆடு, கோழி. ஈழத்து உறவுகளுக்காக மலேசியத் தமிழர்கள் எத்தனையோ முறை பணம் திரட்டி அனுப்பியிருக்கிறோம். நல்ல மனத்தோடு செய்த உதவிதான். ஆனால், ஒரே ஊரில் இருபது வீட்டில் தையல் இயந்திரம் ஓடினால், காசு கொடுத்துத் துணி தைக்க வருவது யார்?

இலங்கையின் வன்னிப் பகுதி இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகளாகப் போராடி வருகிறது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்களுக்கு வீடு இல்லை, மாடு இல்லை, படகு இல்லை. பல குடும்பங்களில் சம்பாதிக்க ஆணும் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 89,000 கணவனை இழந்த பெண்கள் இருப்பதாக 2010இல் அரசுத் தரப்பே கூறியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர் நிலை இன்னும் கொடுமை. கணவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் குடும்பத்தைச் சுமந்தார்கள்.

வாசலுக்கு வந்த கடன்

ஏ9 நெடுஞ்சாலை திறந்ததும் நிதி நிறுவனங்கள் வடக்கே வந்தன. பிணை வேண்டாம், அலைச்சல் வேண்டாம், நாலைந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் நுண்கடன் கிடைக்கும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். ‘ஆலோங்’ கடன் குடும்பங்களை என்ன பாடு படுத்தும் என்பது நமக்குத் தெரியும். இங்கே வீட்டு வாசலில் வந்து நின்றவர்களில் பலர் சட்டப்படி இயங்கிய நிறுவனங்களின் ஆட்கள்.

சிக்கல் எளிமையானது. நெல் விளைய மூன்று நான்கு மாதம் ஆகும். கன்று வளர்ந்து பால் கறக்க ஆண்டுகள் ஆகும். கடன் தவணையோ அடுத்த வாரமே வந்துவிடும். வருமானம் வருமுன்னே தவணை வந்தால், அதைக் கட்ட இன்னொரு கடன்தான் வழி. பிறகு அந்தக் கடனுக்கு ஒரு கடன். வறட்சி வந்தபோது பல குடும்பங்கள் நிலைகுலைந்தன. உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களும் உண்டு.

2018இல் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் பெண்களை எப்படி வதைக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 விழுக்காடு என உச்சவரம்பும் வந்தது. உச்சவரம்பே 35 என்றால், அதற்கு முன்பு வாங்கிய வட்டி எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முதலில் காணி, பிறகு சம்பளம்

உழைக்க மனம் இருந்தாலும் காலூன்ற நிலம் வேண்டும். முல்லைத்தீவு கேப்பாப்புலவு மக்கள், இராணுவத்தின் வசம் இருந்த தங்கள் காணியைக் கேட்டு 2017இல் தொடர் போராட்டத்தில் இறங்கியது அதற்காகத்தான். வேறு இடங்களில் காணி இருந்தது, ஆனால் மண்ணுக்குள் கண்ணிவெடி இருந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே நெடுங்காலம் போர்முனையாக இருந்த முகமாலை அப்படிப்பட்ட நிலம். ஆடு மேய்க்கக்கூட அங்கே போக முடியாத நிலை இருந்தது.

அந்த மண்ணைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களில் கணிசமானோர் பெண்கள். 2002 முதல் இலங்கையில் பணியாற்றும் ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து வேலைக்கு எடுத்தன. முகக்கவசம் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாக விலக்கும் வேலை. ஆபத்து நிறைந்தது. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வரும். அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம், கடனுக்குக் கை நீட்ட வேண்டியதில்லை. சுத்தமான காணி ஊராருக்கே திரும்புகிறது.

ஆனால் இதுவும் நிரந்தரம் இல்லை. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இணைந்த இலங்கைக்கு, நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்க 2028 வரை கெடு. வெடிகள் தீர்ந்தால் வேலையும் தீரும். அதன்பின் இந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? இப்போதே யோசிக்க வேண்டிய கேள்வி இது.

சங்கம் தாங்கும்

வடக்கில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு: கூட்டுறவு. ஒடியல், பனாட்டு, பனங்கட்டி, பனையோலைப் பொருள்கள் என்று பனை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. தனியாக ஒரு பெண் பெட்டி பின்னி விற்றால், இடைத்தரகர் சொன்னதுதான் விலை. சங்கமாகச் சேர்ந்தால் விலை பேசலாம், மொத்தமாக விற்கலாம். சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினால், கட்டுகிற வட்டி ஊருக்குள்ளேயே தங்கும். மழை பொய்த்தால் தவணையைத் தள்ளிவைக்கவும் பேசலாம், ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பது அதே ஊர்க்காரர்.

இந்தத் தாங்குசக்தி எவ்வளவு தேவை என்பதை 2022 காட்டியது. நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. வடக்கின் சிறு மீனவர்கள் பலரின் படகு மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆன பின்னும், ஒரு விலை உயர்வு ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்க முடிந்தது.

ஆகவே, அடுத்த முறை வன்னிக் குடும்பத்துக்கு உதவி என்று யாராவது கேட்டு வந்தால், வெள்ளியை எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தக் குடும்பத்துக்குக் காணி இருக்கிறதா? அவர்கள் செய்யும் பொருளை வாங்க ஆள் இருக்கிறார்களா? ஒரு பருவம் நட்டமானால் தாங்க அவர்களுக்குப் பின்னால் சங்கம் ஏதும் உண்டா? பதில் சரியாக இருந்தால் தையல் இயந்திரமும் உதவும், கோழியும் உதவும். இல்லையென்றால், முதலில் அந்தப் பதில்களை உருவாக்கும் வேலைக்கு நம் பணம் போகட்டும்.