கச்சான் காற்றும் காரின் பற்றரியும்

கொட்டியாரக் குடாவை அண்டிய ஊர்களில் வாழ்வோருக்குக் கச்சான் காற்றைப்பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் இழந்து, உஷ்ணம் ஏறிய நிலையில் தென்மேற்கிலிருந்து வீசும் அக்காற்று, வைகாசி முதல் ஆவணி வரையில் தோப்பூர் வயல்வெளிகளை வாட்டி எடுத்துவிடும். நிழலிலேயே வெப்பமானி 34, 35 பாகை செல்சியசைக் காட்டும். மனிதர் மர நிழலைத் தேடுவர். மாடுகள் குளத்தைத் தேடும். ஆனால், முற்றத்தில் நிற்கும் மோட்டார்க் காரின் முன்மூடிக்குள் அடைபட்டுக் கிடக்கும் பற்றரி எங்கே போகும்? எஞ்சினின் சூடும் வெயிலின் சூடும் ஒன்றுசேர, அங்கே உஷ்ணம் 60 பாகைக்கும் மேலே ஏறிவிடுவதுண்டு.

காருக்கு எண்ணெய் மாற்றுகிறோம், கழுவித் துடைக்கிறோம், சில்லுகளுக்குக் காற்றடிக்கிறோம். பற்றரியைப்பற்றி மட்டும் அது நம்மைக் கைவிடும் நாளிலேதான் நினைக்கிறோம். அத்தகைய நாளொன்றை என் அயல்வீட்டிலே நான் கண்டேன். அதன் பயனாக அறிந்துகொண்ட சில விஷயங்களை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் இரவின் அனுபவம்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. எரிபொருள் தட்டுப்பாடு நாடெங்கும் மக்களை வாட்டிய காலம். அயல்வீட்டு நண்பரின் கார் ஐந்து வாரங்களாக மாமரத்தடியில் அசையாது நின்றது. தாங்கியில் எஞ்சியிருந்த சில லீற்றர் பெற்றோலை, “ஆபத்து அந்தரத்துக்கு உதவும்” என்று அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

அந்த அந்தரம் ஓர் இரவிலே வந்துவிட்டது. அவருடைய உம்மாவுக்குத் திடீரென மூச்சுத் திணறல் கண்டது. அம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. அது வந்து சேரும்வரை காத்திருக்க மனம் பொறாது, உம்மாவைக் காரில் ஏற்றி உட்காரவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றொரு சிறு சத்தம், அவ்வளவுதான். மீண்டும் திருப்பினார், அச்சத்தமும் எழவில்லை. பெற்றோல் இருந்தது, சாரதி இருந்தார், மூதூர் வைத்தியசாலைக்குத் தெருவும் திறந்தே கிடந்தது. எனினும் கார் அசையவில்லை.

தெருக்கோடியில் வசிக்கும் முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரைத் துயிலெழுப்பி, அவர் வண்டியிலே உம்மாவைக் கொண்டு சேர்த்தோம். அரை மணித்தியாலம் வீணாயிற்று. இறைவன் அருளால் உம்மா பிழைத்துக்கொண்டார். ஆயினும், அந்த அரை மணித்தியாலத்தில் நண்பரின் முகம் இருந்த இருப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் ஊர்க் கராஜின் முதிய மெக்கானிக் வந்து பற்றரியின் மூடிகளைத் திறந்து பார்த்தார். ஆறு அறைகளுள் இரண்டிலே நீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தன. “காக்கா, ஐந்து வாரம் ஓடாமல் நின்றதனால்தானா இது செத்தது?” என்று நண்பர் வினவினார். பெரியவர் தலையை அசைத்தார். “இல்லைத் தம்பி. போன கச்சானிலேயே இது சாகத் தொடங்கிவிட்டது. நீங்கள் அறிந்ததுதான் நேற்று” என்றார்.

உஷ்ணம் செய்யும் வேலை

பெரியவரின் கூற்று விஞ்ஞான ரீதியிலும் சரியானதே. ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பற்றரியை, பிரான்சு தேசத்து அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டிலே ஆக்கினார். இன்றும் பெரும்பாலான கார்களை இயக்கி விடுவது அதே தத்துவத்தில் அமைந்த பற்றரியே. ஏறத்தாழ 2 வோல்ற்றுத் தரும் ஆறு அறைகள் வரிசையாக இணைந்து 12 வோல்ற்றுப் பற்றரியாகின்றன. மின்னைக் கொடுக்கும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேற்று எனும் உப்புப் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. எஞ்சின் ஓடி மின்னை ஏற்றும்போது அவ்வுப்புக் கரைந்து, அமிலம் பழைய வலிமையைப் பெறுகிறது.

இரசாயன மாற்றம் எதுவாயினும் சூட்டிலே விரைவாகும். உஷ்ணம் 10 பாகை உயருந்தோறும் அதன் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொது விதி. பற்றரி சூட்டிலே சற்று உற்சாகமாக வேலை செய்வதுபோலத் தோன்றுவதும் இதனாலேயே. ஆனால், அதே வேகத்தில் உள்ளிருக்கும் ஈயச் சட்டங்கள் அரிக்கப்படுகின்றன, நீர் ஆவியாகிறது, சும்மா நிற்கும்போதும் மின் கசிந்து குறைகிறது. குறைந்த மின்னுடன் வாரக்கணக்கில் நின்றால், தகட்டிலே படிந்த உப்பு இறுகிப் பளிங்காகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினும் அது முற்றாகக் கரையாது.

குளிர் தேசங்களில் நான்கைந்து ஆண்டுகள் உழைக்கும் பற்றரி, நம்மைப் போன்ற வெப்பப் பிரதேசங்களில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடுவது இக்காரணத்தாலேயே. அங்கே கோடையில் நேர்ந்த சேதத்தை மாரிக்காலக் குளிர் வெளிப்படுத்திவிடும். நமக்கு அத்தகைய குளிர் இல்லை. ஆகவே நம் பற்றரியின் பலவீனம் மறைந்தே இருந்து, கார் பல நாள் ஓடாது நின்ற பின்னரோ, வாடைக்காற்று மழையில் விளக்கும் கண்ணாடித் துடைப்பானும் ஒருங்கே வேலை செய்யும் இரவிலோ வெளிப்படுகிறது.

கைப்பிடி போன காலம்

முற்காலத்தவருக்கு இது அத்துணை பெரிய இடராக இருக்கவில்லை. 1912ஆம் ஆண்டுக் கடிலாக் காரிலே, சாள்ஸ் கெற்றறிங் என்பவர் அமைத்த மின் ஸ்டார்ட்டர் இடம்பெறும் வரை, கார்களைக் கைப்பிடியால் சுழற்றியே இயக்கினர். பின்னர் நம் தெருக்களில் ஓடிய மொறிஸ் மைனர் கார்களிலும் அக்கைப்பிடி கூடவே இருந்தது. பற்றரி சோர்ந்தால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றலாம். அன்றேல் நாலு இளைஞரைக் கூவியழைத்துத் தள்ளச் செய்யலாம்.

இன்றைய கார்களில் கைப்பிடி இல்லை. தன்னியக்கக் கியர் கொண்ட கார்களைத் தள்ளி இயக்கவும் இயலாது. அன்றியும், தனியார் வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், பலர் பழைய கார்களையே பேணி ஓட்டி வந்துள்ளனர். ஆகவே பற்றரியை முன்கூட்டியே பரிசோதித்தல் முன்னிலும் இன்று அவசியமாகிறது.

சோதிப்பது எவ்வாறு?

எஞ்சின் ஓடாது சில மணித்தியாலம் ஆறிய பின் வோல்ற்றுமானியால் அளந்து பாருங்கள். 12.6 வோல்ற்று இருப்பின் மின் நிறைந்துள்ளது, 12.4 எனின் முக்காற் பங்கு; 12.2 எனின் அரைப் பங்கு. 12 எனின் காற் பங்கே உண்டு. ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால், நிறைய மின்னேற்றியிருந்தும் பற்றரி நலிந்துவிட்டது என்று கொள்க.

இனி, எஞ்சினை ஓடவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ற்று வரை இருத்தல் நன்று. குறைவாயின் பற்றரிமீது பழி போடாது, மின்னேற்றும் டைனமோவையும் அதன் பட்டியையும் பரிசோதிக்க. மிகுதியாயின் நீர் கொதித்து வற்றும். அந்நிலையில் புதுப் பற்றரி வாங்கினும் அதற்கும் அதே கதிதான். கருவி இல்லாதோர், காலையில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழலுதல், முன்விளக்கு மங்குதல், பெட்டியின் பக்கங்கள் வீங்குதல் ஆகிய அறிகுறிகளைக் கவனிப்பாராக.

புதியது வாங்கும்போது

முதலாவதாக, அளவைக் கவனிக்க வேண்டும். யப்பான் நாட்டுக் கார்களுக்குரிய பற்றரிகளில் ‘55பி24எல்’ என்பது போன்ற குறியைக் காணலாம். முதல் எண் அதன் ஆற்றல் வரிசை. ‘பி’ என்பது அகலமும் உயரமும் பற்றிய வகை. 24 என்பது சென்ரிமீற்றரில் அதன் நீளம். ஈற்றெழுத்து முனைகளின் அமைவு. இதே பெட்டியளவைப் பழைய வழக்கில் என்.எஸ். 60 என்பர். ஈற்றெழுத்து மாறிய பற்றரியை வாங்கினால் கம்பிகள் எட்டமாட்டா. வலிந்து இழுத்து முனை மாற்றிப் பூட்டினால் காரின் மின்னமைப்பே பழுதாகும்.

இரண்டாவதாக, பெரிய இலக்கத்தைக் கண்டு மயங்கலாகாது. சி.சி.ஏ. எனும் அளவு, உறைநிலைக்குக் கீழே 18 பாகைக் குளிரில் எஞ்சினைச் சுழற்றும் வலிமையைக் குறிப்பது. தோப்பூரிலே அத்தகைய குளிர் எந்நாளும் வரப்போவதில்லை. அதே பெட்டிக்குள் இவ்வலிமையைக் கூட்டுவதற்காகத் தகடுகளை மெல்லியனவாக்கி எண்ணிக்கையைப் பெருக்கினால், அம்மெல்லிய தகடுகளை உஷ்ணம் விரைவில் அரித்துவிடும். கார் உற்பத்தியாளர் கூறிய அளவைப் பூர்த்தி செய்தால் அது போதும். அதன்பின் அம்பியர் மணித்தியாலம் எனும் கொள்ளளவையும் உத்தரவாத காலத்தையும் பாருங்கள். வெப்ப நாடுகளுக்கெனச் செய்யப்படும் பற்றரிகளில் அமிலத்தைச் சற்று நீர்த்ததாக வைப்பது வழக்கம். நம் நாட்டுக்கென ஆக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குதல் நலம்.

மூன்றாவதாக, உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். மீனும் பற்றரியும் புதிதாக இருத்தல் வேண்டும்! அமிலம் நிரப்பப்பட்ட நிலையில் கடைத் தட்டிலே, புழுக்கத்தில் பல மாதம் கிடந்தது ஏற்கெனவே முதுமையடைந்ததாகும். கடையிலேயே வோல்ற்றை அளக்கச் சொல்லி, 12.5க்குக் குறைவாயின் வேறொன்றைக் கேளுங்கள். விற்பனைத் திகதி பொறித்த உத்தரவாத அட்டையையும் மறவாது பெற்றுக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, வகையை அறிந்து வாங்குக. மூடி திறந்து நீர் ஊற்றும் வகை மலிவானது. ஆனால் மாதந்தோறும் கவனிக்க வேண்டும். கல்சியம் சேர்த்த, பராமரிப்புக் குறைந்த வகையில் நீர் இழப்புக் குறைவு. கவனிக்க நேரமில்லாதோருக்கு அதுவே ஏற்றது. தெருவில் நிற்கும்போது எஞ்சின் தானாக நின்று மீண்டும் இயங்கும் கார்களுக்கு ஈ.எஃப்.பி., ஏ.ஜி.எம். என்ற விசேஷ வகைகளுள் எது முன்பு இருந்ததோ அதையே பூட்ட வேண்டும். சில ஹைபிறிட் கார்களில் சிறு பற்றரி பின்புறத்தே, பிரயாணிகள் இருக்கும் கூட்டுக்குள்ளேயே அமைந்திருக்கும். அதற்கு வாயுவை வெளியேற்றும் குழாயுள்ள வகையே வேண்டும். சாதாரணப் பற்றரியை அவ்விடத்தில் வைத்தல் ஆபத்து.

வீட்டிலே செய்யத்தக்கவை

கிணற்று நீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீரையே தகடுகள் மூழ்குமளவு விட வேண்டும், அமிலம் சேர்த்தலாகாது. கடற்காற்றுப் படும் நம் பகுதியில் முனைகளில் வெண்பச்சை நிறத் தூள் பூக்கும். கம்பிகளைக் கழற்றி, சுடுநீரில் கரைத்த அப்பச்சோடாவினால், மூடிகளுக்குள் அது இறங்காதவாறு கழுவி, உலர்த்தி, சிறிது வாசலீன் பூசிவிடுக. கழற்றும்போது முதலில் மறைமுனையையும், பூட்டும்போது முதலில் நேர்முனையையும் தொடுவது முறை. பற்றரியிலிருந்து எரியத்தக்க ஐதரசன் வாயு எழுமாதலால், அருகே பீடியோ சிகரட்டோ கூடாது.

பற்றரியைச் சுற்றியுள்ள உஷ்ணத் தடுப்பு உறையை வீண் பொருளென எறிந்துவிடுவோர் உண்டு. கச்சான் காலத்தில் அவ்வுறையே அதன் குடை. காரையும் இயன்றவரை நிழலிலே நிறுத்துங்கள்.

தோப்பூருக்குள்ளேயே கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் சிற்றோட்டங்களில், இயக்கும்போது செலவான மின் திரும்பச் சேர்வதில்லை. முன்னாளில் கிண்ணியாவிலே ‘பாதை’க்காகக் காத்துக் கிடந்து, எஞ்சினை நிறுத்தியும் இயக்கியும் பற்றரியை வருத்தினோம். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் அத்தொல்லை இல்லை. வாரத்தில் ஒருமுறை திருகோணமலைக்கு ஓடித் திரும்புவது பற்றரிக்கு நல்ல மருந்து. பல வாரம் நிறுத்திவைக்க நேர்ந்தால், மறைமுனையைக் கழற்றிவிடுதலோ, சிறு மின்னேற்றியால் இடையிடையே ஏற்றுதலோ நன்று.

பழையதை என்ன செய்வது?

பழைய பற்றரியை விற்ற கடையிடமே ஒப்படையுங்கள். அதிலுள்ள ஈயத்துக்காகப் புதியதன் விலையிற் கழித்துத் தருவது வழக்கம். வீட்டு முற்றத்தில் உடைத்து அமிலத்தை ஊற்றுவதும், ஈயத்தை அடுப்பிலே உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பதும் பெருந்தீங்கு. ஈயப் புகையும் தூளும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மண்ணிலே சேர்ந்த ஈயமோ நெடுங்காலம் நீங்காது.

என் நண்பர் இப்போது ஆண்டுக்கு இருமுறை, கச்சான் தொடங்குமுன் பங்குனியிலும், வாடை மழைக்கு முன் புரட்டாதியிலும், பற்றரியைத் தவறாது சோதிக்கிறார். வாங்கிய திகதியை வெள்ளை மையினால் பெட்டியின்மேல் எழுதியும் வைத்துள்ளார். இரண்டாண்டு கடந்ததும் மாதந்தோறும் சோதனை. நலிவு தெரிந்தால், நிற்கும்வரை காத்திராது மாற்றிவிடுகிறார். அவர் மறந்தாலும் நினைவூட்ட ஆள் இருக்கிறது. திண்ணையில் அமர்ந்திருக்கும் உம்மா, கச்சானின் முதல் சூட்டுக்காற்று முகத்தில் அடித்ததும், “மகன், காரின் பற்றரியைப் பார்த்தாயா?” என்று கேட்டுவிடுகிறார்.