'லே-ஆப்'னா வேலை போச்சா? ஒரே வார்த்தை... பல அர்த்தம்!

"கம்பெனியில லே-ஆப் விட்டுட்டாங்க" என்று சொன்னதும் வேலையே போய்விட்டதாக வீட்டில் பதறுகிறார்கள். அமெரிக்க ஐ.டி. கம்பெனி செய்திகளை பார்த்த பயம்தான். அங்கே 'லே ஆப்' என்றால் பெரும்பாலும் சீட்டு கிழிந்தது என்றுதான் அர்த்தம். நம்ம ஊர் சட்டத்தில் அப்படி இல்லை.

ஆங்கிலத்தில் இது ஒரு பச்சோந்தி வார்த்தை. 'லே ஆப் ஹிம்' என்றால் 'அவனை சும்மா விடு, வம்பு பண்ணாதே'. டாக்டர் 'லே ஆப் சிகரெட்ஸ்' என்றால் 'சிகரெட்டை விட்டுத் தொலை'. கால்பந்தில் பக்கத்தில் வரும் ஆட்டக்காரருக்கு பந்தை லேசாக தட்டி விடுவதும் லே ஆப்தான்.

ஆனால் வயிற்றுப் பிரச்சினை என்று வந்தால் சட்டம் சொல்லும் அர்த்தம்தான் முக்கியம்.

கரண்ட் இல்லை, மூலப்பொருள் வரவில்லை, மிஷின் ரிப்பேர், சரக்கு தேங்கிவிட்டது. இப்படி காரணத்தால் முதலாளியால் வேலை கொடுக்க முடியாத நிலைதான் லே-ஆப். மஸ்டர் ரோலில் பெயர் அப்படியே இருக்கும். ஆளை அனுப்பிவிட்டால் அது ஆட்குறைப்பு. அதற்கு நோட்டீஸ், நஷ்டஈடு எல்லாம் தனிக் கணக்கு. 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டமும், 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இதில் ஒரே மாதிரிதான் பேசுகின்றன.

50 பேருக்கு குறையாமல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு வருஷம் சர்வீஸ் முடித்தவருக்கு, லே-ஆப் நாட்களில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி கிடைக்கும். வார விடுமுறைக்கு கிடையாது. பதிலி, கேசுவல் ஆட்களுக்கும், சீசனுக்கு மட்டும் ஓடும் ஆலைகளுக்கும் இது பொருந்தாது.

12 மாதத்தில் 45 நாளை தாண்டினால்தான் சிக்கல். அதற்கு மேல் பணம் இல்லை என்று இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டிருந்தால் அதோடு சரி. அதன் பிறகு முதலாளி ஆட்குறைப்பும் செய்யலாம். கொடுத்த லே-ஆப் பணத்தை நஷ்டஈட்டில் கழித்துக் கொள்ளலாம்.

இன்னொன்று. லே-ஆப் நாட்களிலும் தினம் ஒரு தடவை குறித்த நேரத்துக்கு ஆலைக்கு போய் நிற்க வேண்டும். "வேலைதான் இல்லையே" என்று ஊருக்கு பஸ் ஏறினால் அந்த பாதிச் சம்பளமும் கோவிந்தா!